எதிர்க்கட்சியின் வலது தோள்பட்டை

நெல்லாம்பட்டில் கண்ணையனைக் கண்ணையன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. "எதிர்க்கட்சி வர்றாருப்பா, வழி வுடு" என்பார்கள். "எதிர்க்கட்சி மாடு என் கொல்லையில பூந்துடுச்சு" என்பார்கள். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அந்த ஊரில் கட்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. அது பஞ்சாயத்துத் தலைவர் சீனுவாசனின் கட்சி. அதற்கு எதிர்க்கட்சியாக வாய்த்தது ஒரு தோள்பட்டை. அதுவும் வலது தோள்பட்டை மட்டும். இடது தோள் கடைசிவரை ஆளுங்கட்சியில்தான் இருந்தது. அதன் ஆதரவை யாரும் கேட்கவில்லை.

அதுவரை கண்ணையன் எதையும் எதிர்த்தவன் இல்லை. கூழில் உப்பு இல்லாவிட்டால் உப்பில்லை என்று சொல்ல மாட்டான். ஊறுகாயை இன்னொரு தரம் தொட்டுக்கொள்வான். பேருந்தில் யாராவது காலை மிதித்தால் மிதித்தவர் இறங்குகிறவரைக்கும் காலை அங்கேயே வைத்திருப்பான். இரண்டு காணியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட கொல்லை, ஒரு ஜோடி மாடு, சின்னபொண்ணு என்ற மனைவி, பாஞ்சாலி என்ற மகள். தானுண்டு தன் கொல்லையுண்டு என்று இருந்த மனிதனை எதிர்க்கட்சியாக்கியது ஊர்தான். அவனுக்கு அதில் பங்கு ரொம்பக் குறைவு.

சீனுவாசன் புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்த கையோடு தலைவரானவர். அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நிற்கலாமா என்று யோசித்த ஒருவரின் வைக்கோல் போர் தானாகவே பற்றிக்கொண்டதால், அவரும் யோசிப்பதை நிறுத்திவிட்டார். தலைவரானதும் சீனுவாசனைத் திண்டிவனத்தில் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஓர் அதிகாரி, "பெரும்பான்மை என்பது ஜனநாயகம். ஏகமனது என்பது அதைவிட உயர்ந்த ஜனநாயகம்" என்று பேசினார். மற்றத் தலைவர்கள் மதியச் சாப்பாட்டோடு அதை மறந்துவிட்டார்கள். சீனுவாசன் மட்டும் அதைத் துண்டில் முடிந்து ஊருக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் ஊர்க்கூட்டம். சட்டப்படி பஞ்சாயத்து உறுப்பினர்கள் கை தூக்கினால் போதும். சீனுவாசனுக்கு அது போதாது. பள்ளிக்கூடத்து வாசலில் ஊரையே உட்காரவைத்து, "சம்மதம்னா கை தூக்குங்க" என்பார். எல்லாக் கைகளும் எழும். பெண்கள் சுவரோரம் நின்று பார்க்கலாம். அவர்கள் கைகள் கணக்கில் இல்லை. குமாஸ்தா வெங்கடாசலம் "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதுவார். எழுதுவார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அந்த வரியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுவார். கூட்டத்தில் அதற்கு மேலே தீர்மானத்தை எழுதுவதுதான் அவர் வேலை.

அந்தச் சித்திரையில் கண்ணையன், காய்ந்து இறுகிக் கிடந்த கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு செடி வர மறுத்தது. இவன் விடவில்லை. கடைசியில் செடி வந்தது. கூடவே தோளும் கழன்று வந்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகு வலது கை இடுப்புக்கு மேல் ஏற மறுத்துவிட்டது. சாப்பாட்டுக்குத் தலையைக் கையிடம் கொண்டுபோகப் பழகிக்கொண்டான். சட்டை போட்டுவிடச் சின்னபொண்ணு வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. கை தூக்க வேண்டிய வேலை ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்பதும் அவன் நினைவுக்கு வரவில்லை.

ஆடி பிறந்தது. கூட்டம் போட்டார்கள்.

"இந்த வருசம் மாரியாத்தாளுக்குத் தீமிதி நடத்துறோம். சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் சீனுவாசன்.

எல்லாக் கைகளும் எழுந்தன. கண்ணையனின் கையும் புறப்பட்டது. இடுப்புவரை வந்து நின்றுகொண்டது. அவன் இன்னும் கொஞ்சம் முக்கிப் பார்த்தான். கண்ணில் நீர் வந்ததே தவிரக் கை வரவில்லை. இடது கை சும்மாதான் இருந்தது. ஆனால் அம்மன் காரியத்துக்கு இடது கையைத் தூக்குவதா? கழுவுகிற கையை ஆத்தாளுக்கு எதிரே நீட்டினால் ஊர் மன்னித்தாலும் அவள் மன்னிப்பாளா? ஆகவே கண்ணையன், முழு பக்தியோடு, கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சீனுவாசனின் கண் கூட்டத்தின் மேல் ஒரு சுற்று வந்து அவனிடம் நின்றது.

"கண்ணையா, இன்னா அது? ஆத்தாளுக்கே சம்மதம் இல்லியா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க. தோள்பட்டைங்க. தூக்க முடியல."

"தோள்பட்டையா, மனசா?"

கூட்டம் சிரித்தது. தோள்பட்டை என்பது இவ்வளவு எளிய காரணமாக இருந்ததால் அதை யாரும் நம்பவில்லை. ஒரு மனிதன் ஊருக்கு எதிரே கையைத் தூக்காமல் இருக்கிறான் என்றால் அதற்குள் வேறு ஏதோ இருக்கத்தான் வேண்டும். பங்காளித் தகராறு என்றார்கள். சாமி இல்லை என்கிற கூட்டத்தோடு திண்டிவனத்துச் சந்தையில் டீ குடித்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். தீமிதி அன்று கண்ணையன் கையைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நெருப்பில் இறங்கி நடந்தான். "பார்த்தியா, பரிகாரம் பண்றான்" என்றார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பாதகமில்லை. தீமிதி முடிந்த வாரம் பக்கத்துக் கொல்லைக்காரன் பச்சைமுத்து வரப்போரம் வந்து உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்துக்கொண்டான்.

"நீ செஞ்சதுதான் சரி, கண்ணையா."

"நான் இன்னா செஞ்சேன்?"

"தூக்காத இருந்தியே. எனக்கும் மனசே இல்ல. போன தபா நெருப்புல கால் பொத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப நீ ஏன் தூக்கின?"

"எல்லாரும் தூக்கினாங்க" என்றான் பச்சைமுத்து, அதைவிடப் பெரிய நியாயம் உலகத்தில் இல்லை என்பதுபோல. "நான் வந்ததை யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

அவனுக்குப் பிறகு இன்னும் பலர் வந்தார்கள். மாடு தேடி வந்தவர்கள், மண்வெட்டி கேட்டு வந்தவர்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வந்தவர்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: நீ செஞ்சது சரி, நான் வந்ததைச் சொல்லாதே. குமாஸ்தா வெங்கடாசலமே ஒரு நாள் வந்து சுண்ணாம்பு கேட்டார். அவருக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. கண்ணையனுக்கு ஒன்றும் புரியவில்லை. தீமிதி வேண்டும் என்று நினைத்தவன் ஊரிலேயே தான் ஒருவன்தானோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

சீனுவாசன் பொறுமைசாலி. எதிர்ப்பைக் குணப்படுத்த முதலில் மருந்து அனுப்பினார். எலும்பு கட்டுகிற முருகையன் தலைவர் வீட்டு எண்ணெயோடு வந்து கண்ணையனின் தோளை உருவிவிட்டு, திரும்பிப் போய்த் தலைவரிடம் கை எதுவரை ஏறுகிறது என்று சொல்லிவந்தான். கை ஏறவில்லை. அரசாங்க வைத்தியம் பலிக்காதபோது அரசாங்கம் வேறு வழியைப் பார்க்கும்.

ஐப்பசி மழையில் சாலையோரம் மரக்கன்று நடுவதென்று அடுத்த தீர்மானம். திண்டிவனத்து அதிகாரியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சம்மதம்னா கை தூக்குங்க" என்றதும் கண்ணையனுக்கு வலப்பக்கம் முருகையனும் இடப்பக்கம் பச்சைமுத்துவும் வந்து உட்கார்ந்தார்கள். வரப்போரம் வந்து நீ செஞ்சதுதான் சரி என்று சொன்ன அதே பச்சைமுத்து.

"வலிக்காத தூக்குறோம்" என்றான் அவன், அன்பாகத்தான்.

தூக்கினார்கள். தோளுக்குள் "கடக்" என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணையன் போட்ட சத்தம் பள்ளிக்கூடத்துக் கூரையில் இருந்த புறாக்களைக் கிளப்பிவிட்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"உற்சாகம் சார்" என்றார் சீனுவாசன்.

ஏகமனதாக நிறைவேறியது.

கண்ணையன் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன் கையைப் பார்த்துக்கொண்டே போனான். வலி பெரிதில்லை. தலைக்கு மேலே நின்றது தன் கைதானா என்பதுதான் அவனுக்கு உறுத்தியது. அங்கே எல்லோர் கையோடும் சேர்ந்து நின்றது. யாரும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்க முடியாது. அப்படியானால் மற்றவர்கள் தலைக்கு மேல் நிற்கிற கைகளைத் தூக்கிப் பிடித்திருப்பது யார்? அவர்களுக்குப் பக்கத்தில் முருகையனும் இல்லை, பச்சைமுத்துவும் இல்லை. கண்ணையன் அதிகம் யோசிக்கிறவனில்லை. அந்தக் கேள்வியை வழியிலேயே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போனான். அது பின்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது.

ஊர் செய்த வைத்தியம் பலித்துவிட்டது. சில நாளில் வீக்கம் வடிந்தது. ஒரு காலை சின்னபொண்ணு கேப்பை மாவு கிண்டிக்கொண்டே திரும்பினாள். கண்ணையன் கையை நீட்டி உறியிலிருந்து மோர்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இந்தாய்யா, கை வந்துடுச்சே."

"சத்தம் போடாத."

"ஏன்? போயி தலைவர்கிட்ட சொல்லு. இந்தப் பேஜாரு ஒழியட்டும்."

கண்ணையன் சட்டியை இறக்கி வைத்தான். "வேணாம் சின்னபொண்ணு. இப்ப யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல. கை வராதுன்னு வுட்டுட்டாங்க. நிம்மதியா இருக்குது."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. நெல்லாம்பட்டில் மனசுப்படி இருக்க உரிமை பெற்ற ஒரே ஆள் தான். அந்த உரிமையைக் கொடுத்தது அரசியல் சட்டம் அல்ல. ஒரு மல்லாட்டைச் செடி.

இனி வீரம்மாள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. மந்தை ஆடு இருந்தது. ஊரில் மற்ற வீடுகளில் ஒன்றிரண்டு ஆடு இருக்கும். மந்தை என்று ஓட்டிப்போனது அவள் ஒருத்திதான். வாயும் அவள் ஒருத்திக்கு மந்தை அளவு. ஐப்பசியில் நட்ட கன்றுகளில் பாதி மார்கழிக்குள் போய்விட்டன. ஊர்க் கணக்கில், மாடு தின்ற கன்றுகள் தண்ணீர் இல்லாமல் பட்டுப்போயின. ஆடு தின்ற கன்றுகள்தான் ஆடு தின்று போயின. மாடு எல்லோர் வீட்டிலும் இருந்ததால் அந்தக் கணக்கு அப்படித்தான் வரும். பொங்கல் முடிந்ததும் அதிகாரி கன்றுகளைப் பார்க்க வருவதாக இருந்தது. சீனுவாசன் அவள் வாசலில் வந்து நின்று கண்டித்தபோது வீரம்மாள், "கன்னுக்கு முள்ளு வெட்டிப் போட வக்கில்ல. ஆட்டுக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு" என்றாள். தெருவே கேட்டது. ஆகவே ஒரு சட்டம் தேவைப்பட்டது.

சட்டம் நியாயமாகத்தான் இருந்தது. யார் பெயரும் அதில் இல்லை. ஐந்து ஆட்டுக்கு மேல் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஆடுகளை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். யாராக இருந்தாலும். ஐந்து ஆட்டுக்கு மேல் வைத்திருப்பவர் யார் என்று கேட்பது மரியாதை இல்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் சீனுவாசன் கண்ணையன் வீட்டுக்கே வந்துவிட்டார். பாஞ்சாலிக்குப் பெருமுக்கலில் மாப்பிள்ளை முடிவாகி, தை மாதம் கல்யாணம் என்றிருந்தது.

"முருகையன் எல்லாம் சொன்னான்" என்றார். "நீ மரத்துமேல ஏறித் தழை ஒடிக்கிறதைப் பார்த்தானாம். கை நல்லாருச்சு, சந்தோசம். நாளைக்கு ஒரு தபா தூக்கிடு. பொண்ணு கல்யாணத்துக்கு நானே முன்ன நிக்கிறேன்."

"தூக்கலன்னாங்க?"

"ஊரு இல்லாத கல்யாணம் பண்ணுவியா?" என்றார் சீனுவாசன். கோபமே இல்லை குரலில். "மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பாங்க. பொண்ணோட ஊர்லேர்ந்து ஒரு ஈ காக்கா வரலன்னா இன்னா நெனைப்பாங்க? பொண்ணுகிட்ட ஏதோ இருக்குதுன்னுதான் நெனைப்பாங்க. தாலி கட்டற வரைக்கும் எதுவும் நிச்சயம் கெடையாது, கண்ணையா."

அவர் போனதும் சின்னபொண்ணு பிடித்துக்கொண்டாள். "தூக்கிட்டு வா. வீரம்மா உனக்கு இன்னா ஒறவு? அவ ஆட்டுக்காக எம் பொண்ணு மணையில ஒக்காராதயே போவணுமா? கைதானேய்யா. தூக்கிட்டு எறக்கப் போற. தேஞ்சா போவும்?"

கண்ணையனுக்கும் அது சரியென்றே பட்டது. கைதானே. தூக்கிவிடுவது என்று முடிவு செய்தான். அதைச் சொல்லாவிட்டால் அவனைப் பற்றிப் பொய் சொன்னதாகும். கூட்டத்துக்குப் போகும்போது வீரம்மாளின் ஆடுகளைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. மணவறைப் பந்தலுக்கு வாழை எங்கே வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனான்.

சீனுவாசன் தீர்மானத்தைப் படித்தார். சுவரோரம் வீரம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "சம்மதம்னா கை தூக்குங்க." கைகள் எழுந்தன. கண்ணையனும் விரல்களை விரித்துப் புறப்படத் தயாரானான். அந்த நேரத்தில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வெங்கடாசலத்தின் மடியில் இருந்த தீர்மான நோட்டு கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குக் கண்ணையனுக்குத் தெரியும். "ஏகமனதாக நிறைவேறியது" என்று இருந்தது. மை காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"கண்ணையா, நீதான் பாக்கி" என்றார் சீனுவாசன்.

"எழுதிட்டீங்களேங்க" என்றான் கண்ணையன். "அப்பறம் என் கை எதுக்குங்க?"

சீனுவாசன் ஒரு சின்ன வழியைத் திறந்து வைத்தார். "இன்னும் தோள் வலிக்குதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஊரே அவன் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று ஏங்கியது.

"இல்லீங்க. சரியாப் போச்சு."

"எங்க, தூக்கிக் காட்டு."

கண்ணையன் சிரித்துவிட்டான். அவ்வளவு முட்டாளில்லை அவன். தூக்கிக் காட்டினால் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து அவன் வலது காதில் உட்கார்ந்தது. காதைச் சுற்றி நடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. ஊரே அந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெங்கடாசலம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கையைத் தூக்கி விரட்டினால் மந்தை ஆடும் ஊரை விட்டுப் போகும். கண்ணையன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே கொடுத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஈக்குத்தான் சலித்தது.

அன்றைக்கு முதல் முறையாக வெங்கடாசலம் ஏகமனதை அடிக்க வேண்டியிருந்தது. "ஒருவர் நீங்கலாக" என்று எழுதினார். எழுதிப் பழக்கமில்லாததால் கோணலாக வந்தது. அடுத்த தீர்மானம் உடனே வந்தது: கண்ணையன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரில் யாரும் போகக் கூடாது. அதற்குக் கைகள் இன்னும் வேகமாக எழுந்தன. தான் எதிர்க்கட்சி இல்லை என்று காட்ட எல்லோருக்கும் அவசரம்.

கூட்டம் கலைந்தபோது கண்ணையன் வீரம்மாளுக்கு எதிரே நின்றான். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

"ஏண்டா பைத்தியக்காரா" என்றாள் வீரம்மாள். "நீ கை தூக்காததனால இப்ப எந்த ஆடு மிஞ்சிச்சு? என் ஆடும் போச்சு, உம் பொண்ணு கல்யாணமும் போச்சு. ஒண்ணோட போக வேண்டியது ரெண்டாப் போச்சு." மறுநாள் மந்தையை ஓட்டிக்கொண்டு அனந்தபுரத்துப் பக்கம் தங்கை ஊருக்குப் போய்விட்டாள்.

சின்னபொண்ணு அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். பாஞ்சாலி பேசினாள். "அவங்க வந்து நிறுத்திட்டா நிறுத்தட்டும்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குச் சின்னபொண்ணு பேசாமலிருந்ததே தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. நாவிதர் வரவில்லை. வண்ணார் வந்து துணியை எடுக்காமல் திரும்பிப் போனார். பெருமுக்கல் சம்பந்தி ஆள் அனுப்பிக் கேட்டார்: "ஊரெல்லாம் வருமில்ல?" வரும் என்று சொல்லியனுப்பினான் கண்ணையன். வாழ்க்கையில் முதல் பொய், தோள்பட்டை சரியானதை ஊருக்கு மறைத்தது. இது இரண்டாவது. கல்யாணத்தை மயிலம் மலையில் வைத்துக்கொள்வதாக வேண்டுதல் என்று மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டான். முருகன் சந்நிதியில் யார் எந்த ஊர் என்று கலந்துபோகும்; கூட்டத்தில் நாலு பேரைக் காட்டி எங்க ஊருதான் என்று சொல்லலாம்.

முகூர்த்தத்தன்று கண்ணையன் மலையேறும் வழியில் சம்பந்தியோடு நின்றுகொண்டிருந்தான். கீழே திண்டிவனத்துப் பேருந்து நின்றது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓர் ஆள் ஏறி வந்தான். பச்சைமுத்து.

"மொட்டை போட வந்தேன்" என்றான், கேட்காமலே. அவன் தலையில் மொட்டை போட ஒன்றும் மிச்சமில்லை.

அவனுக்குப் பின்னால் முருகையன் வந்தான். அவனுக்குக் காவடி வேண்டுதல், காவடியைத்தான் காணோம். வேறொரு குடும்பம் ரயிலில் வந்து மயிலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்தது. வெங்கடாசலம் பின்பக்கத்து வழியாக ஏறி வந்து, மண்டபத்தில் ஊர்க்காரர்களைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போனார். தூணுக்குப் பின்னால் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் திருட்டுத்தனமாக வருவதாக நினைத்து வந்திருந்தார். தாலி கட்டுகிற நேரத்தில் நெல்லாம்பட்டு முழுவதும் மயிலம் மலையில் இருந்தது. ஊரில் நாய்களைத் தவிர யாரும் இல்லை. கடைசியாக வில்வண்டியில் மனைவியோடு சீனுவாசன் வந்து இறங்கினார். ஊரே காலியாகக் கிடந்தால் தலைவர் மட்டும் அங்கே இருந்து யாரை ஆள்வது?

"சாமி பார்க்கலாம்னு வந்தேன்" என்றார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சம்பந்திக்கு மனம் நிறைந்துபோயிற்று. "உங்க ஊரு ரொம்ப ஒத்துமையான ஊருங்க" என்றார் கண்ணையனிடம்.

பாஞ்சாலி கழுத்தில் தாலி ஏறியது. சின்னபொண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தி இன்னொரு ஒலை வைக்கச் சொல்லு. இவ்ளோ பேருக்கு எங்க சோறு இருக்குது" என்றாள். அவனிடம் பல நாளைக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அதுதான்.

பந்தி உட்கார்ந்தது. தலைவர் முதல் இலையில். சாம்பார் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவன் பந்தி முடிகிறவரை சாப்பிடக் கூடாது. கண்ணையன் இலைகளுக்கு நடுவே நடந்து, வேண்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நடந்துகொண்டே இருந்தவன் தலைவர் இலைக்கு எதிரே நின்றான்.

"தலைவரே, ஊரே கூடியிருக்குது. ஒரு தீர்மானம் போட்டுடலாங்களா?"

"சாப்பாட்டு நேரத்துல இன்னாடா தீர்மானம்?"

"வீரம்மாக்கா ஆட்டை ஊருக்குத் திருப்பிக் கொண்டாந்துடலாம்னுங்க. சம்மதம்னா எல்லாரும் கை தூக்குங்க."

பிசைந்த கைகள் அப்படியே நின்றன. எச்சில் கையைச் சந்நிதிக்கு எதிரே தூக்குவதா? இடது கையை ஒரு கல்யாணத்தில் தூக்குவதா? யாரும் அசையவில்லை. பந்தியிலேயே சுத்தமான வலது கை கண்ணையனுடையது ஒன்றுதான். அதை அவன் தூக்கினான். காதை ஒட்டி, நேராக, தோளில் ஒரு சத்தமும் இல்லாமல் அது மேலே போய் நின்றது. சித்திரைக்குப் பிறகு அது தானாக அப்படி நின்றதைப் பார்த்தவர்கள் ஊரில் யாரும் இல்லை.

"பலே, நல்லாத்தான் வருது" என்றான் முருகையன் தன்னை மறந்து.

"சரி, வேணாங்கிறவங்க தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. சீனுவாசனின் கை இலையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. விரல் நுனியிலிருந்து சாம்பார் ஒரு சொட்டு விழுந்தது. சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். கை திரும்ப இலைக்கே போய்விட்டது.

"வேணுங்கிறது ஒரு கை. வேணாங்கிறது ஒண்ணும் இல்ல" என்றான் கண்ணையன். "குமாஸ்தா அய்யா, இதுக்கு இன்னா எழுதுவீங்க?"

வெங்கடாசலத்தின் வாயில் அப்பளம் இருந்தது. பழக்கம் அப்பளத்தைவிட முந்திக்கொண்டது. "ஏகமனதாக நிறைவேறியது" என்றார்.

சொன்ன பிறகுதான் தலைவர் முகத்தைப் பார்த்தார். சீனுவாசன் இலையைப் பார்த்துக்கொண்டு, "ரசம் கொண்டாரச் சொல்லு" என்றார்.

தை முடியும் முன் ஆடுகள் ஊர்த்தெருவில் திரும்பி வந்தன. வரலாம் என்றும் யாரும் சொல்லவில்லை, வரக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. வீரம்மாள் கண்ணையன் வாசலில் நின்றாள்.

"ஒரு கைதான் கணக்குன்னா அன்னிக்கே தூக்கித் தொலைச்சிருக்கலாமே. ஆடுங்க எப்படி எளைச்சிருக்குது பாரு."

அன்றைக்குத் தூக்கியிருந்தால் இந்த ஆடுகள் போகத்தான் போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தான் கண்ணையன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டான். அதை விளக்க ஒரு கூட்டம் போட வேண்டும்.

அவன் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது என்ற தீர்மானத்தை மட்டும் ஊர் ரத்து செய்யவே இல்லை. ரத்து செய்யவும் ஒருவர் முதலில் கை தூக்க வேண்டுமே. ஆகவே அதற்குப் பிறகும் பல வருடங்கள் நெல்லாம்பட்டில் கண்ணையன் வீட்டுக்கு யாரும் போகவில்லை. பாஞ்சாலி முதல் குழந்தையோடு வந்திறங்கிய நாளில்கூட வாசலில் கூடியவர்கள் அத்தனை பேரும், காணாமல் போன ஒரே கோழியைத் தேடித்தான் வந்திருந்தார்கள்.